ஏழாவது குரோமோசோமில் ஒரு மேடு

டிசம்பர் 12, வியாழன்

வடிவு காலை பஸ்ஸில் வாசுதேவநல்லூர் போய்விட்டாள். என் மாமனார் ஊர். இரண்டு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை, மிக்ஸி. மிக்ஸி எதற்கு என்று கேட்டேன். "அங்க உள்ளது சத்தம் மட்டும்தான் போடுது, அரைக்க மாட்டேங்குது" என்றாள். மார்கழி பிறப்பதற்குள் சேர வேண்டுமாம். எதில் சேர வேண்டும் என்று கேட்க வாய் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பயிற்சி வகுப்பாக இருக்கும். அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கு வருஷம் பூராவும் பயிற்சிதான். பாடம் நடத்துவது இடையில் கிடைக்கிற ஓய்வு.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வயலுக்குப் போனேன். தெற்கு ஓரத்தில் இருந்த சோம்பேறி வரிசைகளும் கதிர் நீட்டிவிட்டன. நல்ல நாள்.

டிசம்பர் 14, சனி

ஜெபமணி சார் எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தின் தலைவர். நான் அவருக்குக் கீழே ஒப்பந்த விஞ்ஞானி. அதாவது விஞ்ஞானம் நிரந்தரம், நான் மார்ச் வரைக்கும். எங்கள் வேலையைப் பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி அரைப்பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதியது இது:

"சோளத்துக்குப் பத்து ஜோடி குரோமோசோம். ஒவ்வொன்றையும் ஒரு நெடுஞ்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீன்கள் சாலையோர வீடுகள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, சாலை நெடுக மைல்கல் மட்டும் உண்டு. குருவியை விரட்டுகிற ஆசாமி எந்த வீட்டில் குடியிருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக, குருவிகள் விழுந்து விழுந்து தின்னும் வெள்ளச்சி என்ற சோளத்துக்கும், குருவி கிட்டேயே போகாத செவத்தான் என்ற சோளத்துக்கும் கல்யாணம் பண்ணிவைத்தோம். ஏழெட்டுத் தலைமுறை வளர்த்து, இருநூறு வாரிசுகளை ஆளுக்கொரு வரிசையாக நட்டிருக்கிறோம். எந்த வாரிசுக்கு எந்த மைல்கல் அம்மாவிடமிருந்து வந்தது, எது அப்பாவிடமிருந்து வந்தது என்பதை இலையைக் கிள்ளிப் பார்த்தாயிற்று. இனிக் குருவிகள் வந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அவை தொடாத வாரிசுகளிடம் பொதுவாக இருக்கிற மைல்கல் எதுவோ, அதன் பக்கத்தில்தான் நம் ஆள் இருக்கிறான்."

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஆசாமி, கல்யாணம், விழுந்து விழுந்து, இதெல்லாம் எடுத்துடுப்பா" என்றார். எடுத்தால் சோளம் மட்டும்தான் மிஞ்சும்.

அவருக்கு இந்த வேலையில் பெரிய நம்பிக்கை இல்லை. செவத்தானின் தானியம் துவர்க்கும், துவர்ப்பதால் குருவி தொடாது, துவர்ப்பைத் தருகிற ஜீன் நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரியும் என்கிறார். உலகத்துக்குத் தெரியட்டும். முதல் வருஷம் நான் வாயில் போட்டு மென்று பார்த்த சில வரிசைகள் துவர்க்கவே இல்லை, ஆனாலும் குருவி தொடவில்லை. அப்படியென்றால் இன்னொரு ஆசாமி இருக்கிறான். மனுஷனும் சாப்பிடலாம், குருவியும் தின்னாது என்றால் இந்தக் கரிசல் காட்டில் எத்தனை பேர் மறுபடி சோளம் போடுவார்கள். போன வருஷம் மழையில் கதிரெல்லாம் பூசணம். இதுதான் கடைசிப் போகம்.

டிசம்பர் 17, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. எந்த ஏஜென்சி, எந்த நம்பரில் பதிய வேண்டும், ஒன்றும் தெரியாது. வடிவுக்குப் போன் பண்ணினேன். "ஹெச்.எம். ரூம்ல இருக்கேன், அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். போன இடத்தில் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்களா, பாவம். என்ன தப்புச் செய்தாளோ.

ரொட்டியும் ஜாமும்.

டிசம்பர் 21, சனி

மாமா போன் பண்ணினார். வடிவின் அப்பா, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். போனிலும் இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"மாப்ள, வீடு பாத்தாச்சு. மாடி வீடு. நல்ல காத்து. தை பொறந்ததும் ஆறாந்தேதி ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சிருவோம். காலைல ஏழரைக்குள்ள. நீங்க வந்துரணும்."

"கதிர் பால் பிடிக்கிற நேரம் மாமா" என்றேன்.

"நாங்களும் பால்தான் காய்ச்சுதோம்" என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். முட்டி வலி உள்ள மனிதருக்கு இந்த வயதில் எதற்கு மாடி வீடு என்று தெரியவில்லை. சொந்த வீடு வேறு இருக்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் நாம் தலையிடக் கூடாது.

டிசம்பர் 26, வியாழன்

கதிர்களில் பால் ஏறிவிட்டது. குருவி இல்லை.

உலகத்தில் பயிர் போட்ட ஒவ்வொருவனும் குருவி வரக்கூடாது என்று கும்பிடுகிறான். வரவேண்டும் என்று கும்பிடுகிற ஒரே ஆள் நான். எந்தச் சாமிக்கு இந்தத் துறை என்று தெரியவில்லை.

காரணம் செல்லக்கனி அக்கா. என் வயலுக்கு அடுத்தது எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கம்பு விதைப் பண்ணை. அங்கே குருவி விரட்ட அக்காவைப் போட்டிருக்கிறார்கள். அந்தம்மா தகரத்தைத் தட்டிக் குரல் கொடுத்தால், குருவி என்ன, நெடுஞ்சாலையில் போகிற லாரியே வேகத்தைக் குறைக்கிறது.

"அக்கா, கொஞ்சம் மெதுவாத் தட்டக் கூடாதா?"

"மெதுவாத் தட்டுனா குருவி போவாதுல்லா?"

"எனக்குக் குருவி வேணும்க்கா. என் சோளத்தை அது திங்கணும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல ஆளில்லாம இருந்தா இப்பிடித்தான் சார் ஆயிரும்" என்றார்.

கடைசியில் ஓர் உடன்படிக்கை. விரட்டுவதை என் வயல் பக்கமாக விரட்டுவது. அக்கா நேர்மையாக விரட்டினார். குருவிகளும் என் பக்கம் வந்தன, என் தலைக்கு மேலே பறந்து, கண்மாய்க்கரைக் கருவேல மரங்களுக்குப் போய்விட்டன.

டிசம்பர் 30, திங்கள்

குருவி இல்லை.

ஜனவரி 2, வியாழன்

இணையத்திலிருந்து தினைக்குருவிச் சத்தத்தை இறக்கி, வயலின் நடுவில் ஸ்பீக்கர் வைத்து ஒலிபரப்பினேன். கீச்சுக் கீச்சென்று அருமையான சத்தம், கூட்டமாகச் சாப்பிடுகிற மாதிரி. முக்கால் மணி நேரத்தில் இரண்டு பூனைகள் வந்தன.

ஜெபமணி சார் ஜன்னல் வழியாக, கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று கேட்கிற தோரணையில், "தளவாய், வந்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜனவரி 4, சனி

இன்று முப்பது வரிசை மென்று பார்த்தேன். துவர்ப்புக்கு மதிப்பெண் போட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் நாக்கு செருப்புத் தோலாகிவிட்டது. ஓட்டல் சாம்பார் என்ன ருசி என்றே தெரியவில்லை, அந்த வகையில் லாபம்.

மாலை புறப்படும்போது செல்லக்கனி அக்கா கூப்பிட்டார். அவர் பேத்தி வடிவின் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள்.

"டீச்சரம்மா பெரிய டீச்சராயிட்டாகளாமே சார். பிள்ளைக எல்லாம் அழுது அனுப்பி வச்சிச்சாம். எம் பேத்தி ஒரு பேனா குடுத்திருக்கா. வாசுதேவநல்லூர் பக்கம் ஏதோ ஊர்ல ஹெச்.எம்.மாமே?"

"ஆமா" என்றேன்.

ஜனவரி 5, ஞாயிறு

வடிவுக்குப் போன் பண்ணவில்லை. குருவியும் வரவில்லை.

ஜனவரி 8, புதன்

போன் பண்ணினேன். முதலில் அவள் கேஸ் வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். நம்பர் சொன்னாள். எழுதிக்கொண்டேன். பிறகு, மாடி வீடு மாமாவுக்கு இல்லையா என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?" என்றாள்.

"செல்லக்கனி."

"நான் சொன்னதுதான் உங்களுக்குக் கேக்கல. செல்லக்கனி சொன்னதாவது கேட்டுச்சே."

"நீ எப்ப சொன்னே?"

"ப்ரமோஷன் பேனல்ல பேர் வந்தப்ப சொன்னேன். நல்லதுன்னீங்க. இந்த ஊரை எடுக்கவான்னு கேட்டேன், பாத்துக்கலாம்னீங்க. ஆர்டர் கைல வந்தப்ப, சோத்தைப் போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து, போகட்டுமான்னு கேட்டேன். நீங்க செல்லைப் பாத்துக்கிட்டே, அம்பத்தாறு நாள்ல பூத்திருச்சு, சரி சரின்னீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. ஐம்பத்தாறாம் நாள் பூத்தது வடக்கு ஓரத்தில் இருக்கிற வரிசை. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"சண்டை போட்டிருக்கலாம்ல, வடிவு."

"போடணும்னு தோணல" என்றாள்.

கிளாசுக்கு மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள். அவளே அடிக்கச் சொல்லியிருப்பாள், ஹெச்.எம். அல்லவா.

ஜனவரி 11, சனி

கம்பு அறுத்தாயிற்று. செல்லக்கனி அக்கா தகரத்தை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். வயல் நிசப்தம். இப்போது மணி இறுகத் தொடங்கிவிட்டது, இன்னும் பத்து நாளில் கல்லாகிவிடும். வந்தால் இப்போது வர வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஜெபமணி சார் வீட்டிலிருந்து கேக் வந்தது, கிறிஸ்துமஸில் மிஞ்சியதாக இருக்கும்.

ஜனவரி 18, சனி

வந்துவிட்டார்கள்.

காலை ஆறே முக்காலுக்குக் கண்மாய்ப் பக்கம் வானத்தில் புகை மாதிரி ஒன்று சுருண்டு நெளிந்தது. சூறைக்குருவிகள். எங்கேயோ பாலைவன நாடுகளிலிருந்து பனிக்காலத்துக்கு நம் பக்கம் வருகிறவை, பெயருக்கேற்ற மாதிரி சூறையாடுகிறவை. கறுப்புத் தலை, ரோஸ் நிறச் சட்டை. ஆயிரம் இருக்கும், கூடவும் இருக்கும். மொத்தமாக என் வயலில் இறங்கின. நான் வரப்பில் உட்கார்ந்து, யாரோ ஒருவன் பார்த்தால் மானக்கேடு என்ற எண்ணமே இல்லாமல், கை கூப்பினேன்.

என்ன ஒழுங்கு. வெள்ளச்சியின் வாரிசுகளை முதலில் பிடித்தன. ஒரு வரிசையில் கதிரெல்லாம் பொக்கை. பக்கத்து வரிசையில் ஒரு மணி போகவில்லை. வாயில் போட்டுப் பார்த்தேன். துவர்க்கவில்லை. இனிப்பான மணி. அடுத்து இன்னொன்று. அதுவும் அப்படித்தான். சத்தியமாக இரண்டாவது ஆசாமி இருக்கிறான்.

சாயங்காலம் வரை கதிர் கதிராகப் பார்த்து மதிப்பெண் போட்டேன். பாதிக்கு மேல் ஆயிற்று. கிழக்குப் பக்கம் மிச்சம். இதில் ஒரு சிக்கல்: பிடித்ததெல்லாம் தீர்ந்துவிட்டால் இந்தக் குருவிகள் பிடிக்காததையும் தின்னும். பசி வந்தால் துவர்ப்பாவது ஒன்றாவது. பிறகு எல்லா வரிசையும் ஒரே மொட்டை, வித்தியாசம் தெரியாது. நாளைக் காலை விடிந்ததும் ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம்.

நாளைக்குத் தை ஆறு, பால் காய்ச்சுகிற நாள்.

ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். ஜெபமணி சார் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவர் நின்று, "ஜெயிச்சவன் மூஞ்சி இப்பிடியா இருக்கும்?" என்றார். சொன்னேன். முழுசாகச் சொன்னேன், அம்பத்தாறு நாள் உட்பட. வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

"நீ போ. நீ வர்ற வரைக்கும் குருவிய உள்ள விடாம நான் பாத்துக்கிடுதேன்."

"உங்களுக்கு நாளைக்குக் கோயில் இருக்கே சார்."

"ஆண்டவர் ஒரு வாரம் பொறுப்பார். குருவி பொறுக்காது. உன் வீட்டம்மா பொறுக்குமான்னு எனக்குத் தெரியல."

ஜனவரி 19, ஞாயிறு

இருட்டோடு பைக்கை எடுத்தேன். சங்கரன்கோவில் தாண்டும்போது விடிந்தது. மேற்கே மலையில் பனி. ஏழு மணிக்கு மாடிப்படி ஏறினேன். மாமா படியிலேயே உட்கார்ந்திருந்தார், முட்டி வலி. "மாப்ள வந்தாச்சு" என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார். அவர் குரலுக்கு எதிர்வீட்டு நாய் குரைத்தது.

வடிவு அடுப்பு முன்னால் நின்றாள். பச்சைச் சேலை. திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சோளக் கதிராக இருந்தால் மதிப்பெண் போட்டிருப்பேன்.

பால் பொங்கியது. எல்லோருக்கும் டம்ளரில் கொடுத்தாள். எனக்குக் கடைசியில். பிறகு நாங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனோம்.

"குருவி வந்துச்சா?" என்றாள்.

"நேத்து வந்திருச்சு. சார் காவலுக்கு நிக்காரு."

"வந்திருச்சா? அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

"பால் காய்ச்சணும்ல."

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்குக் கோவமில்ல, தெரிஞ்சுக்கோங்க. வீட்ல நான் பேசுறது கேக்கலங்கிறது எனக்குப் பழகிப் போச்சு. அப்பிடிப் பழகுனதுதான் பயமா இருந்துச்சு. அதான் கெளம்பிட்டேன்."

மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஓர் அறிக்கை மாதிரி இருக்கும். "ஸ்கூல் எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

நான் கேலி பண்ணுகிறேனா என்று பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்குக் கணக்கு எடுக்க ஆளில்லை, ஹெச்.எம். ஆன பிறகும் அவளே எடுக்கிறாள். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. விசாரித்தால், முன்பே யாரோ கழற்றிக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகைக்குப் போட்டிருக்கிறார்கள். வடிவு வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். அந்த ஆள், இது எங்க தாத்தா காலத்துக் கதவு என்றாராம். கதவில் 'மாணவியர்' என்று எழுதியிருந்தது. "உங்க தாத்தா ஆடுகளுக்குப் பேர்ப்பலகை வச்சிருந்தாரா?" என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். கதவு பள்ளிக்கு வந்த பிறகு இரண்டு ஆடுகள் தினமும் சாயங்காலம் பள்ளிக்கே வந்து நிற்கின்றனவாம். பத்தாம் வகுப்பில் ஒரு பெண், பெயர் முப்பிடாதி, நன்றாகப் படிப்பாள், இப்போது பள்ளிக்கு வருவதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது, அந்த வீட்டுக்கு வடிவு இரண்டு தடவை போய்வந்துவிட்டாள். மூன்றாவது தடவை போகப்போகிறாள். தமிழாசிரியர் ஒருவர் இவளை 'அம்மா' என்று கூப்பிட மாட்டார், 'மேடம்' என்றும் கூப்பிட மாட்டார், கூப்பிட வேண்டியிருந்தால் இருமுவார்.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். வெயில் ஏறியிருந்தது. அவள்தான் சொன்னாள்: "கெளம்புங்க. சார் பாவம்."

"'இங்கயே வந்திருங்க'ன்னு நீ சொல்லலையே."

"உங்களால முடியாதுன்னு தெரியும். என்னாலயும் அங்க வர முடியாது. அடுத்து நான் ஒண்ணு கேட்டா, கேட்டுட்டுப் பதில் சொல்லுங்க. அது போதும்."

மத்தியானம் வயலுக்கு வந்து சேர்ந்தேன். ஜெபமணி சார் வெள்ளைச் சட்டையில் குருவி எச்சத்தோடு, ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, ஒரு கையில் கரண்டி, வரப்பில் நின்றிருந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"தளவாய், கிழக்கு ஓரத்துல கொஞ்சம் போயிருச்சுப்பா. எனக்குச் சுகர் இருக்கு. ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எறங்கிட்டாங்க."

போய்ப் பார்த்தேன். முப்பது வரிசைக்கு மேல் மொத்த மொட்டை. துவர்ப்பதும் போயிருந்தது, துவர்க்காததும் போயிருந்தது. அவற்றை விட்டுவிட்டு மிச்சத்துக்கு மதிப்பெண் போட்டேன். சார் வீட்டுக்குப் போகாமல் கூடவே நின்று, கதிரைப் பிடித்துப் பிடித்துக் காட்டினார்.

ஜனவரி 25, சனி

வாசுதேவநல்லூர். முப்பிடாதி பள்ளிக்கு வந்துவிட்டாள். கிழக்கு ஓரம் மொட்டையானதை வடிவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கணினியில் ஓட்டியாயிற்று. படம் வந்தது. பத்து குரோமோசோம்களும் அடியில் வரிசையாக. குருவிக்கும் மைல்கல்லுக்கும் எங்கே தொடர்பு இருக்கிறதோ அங்கே கோடு மேலே எழும்பும். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு: அதைத் தாண்டினால்தான் கண்டுபிடிப்பு, தாண்டாவிட்டால் தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள்.

நான்காவதில் பெரிய மலை. உலகத்துக்குத் தெரிந்ததுதான். ஏழாவதில் ஒரு மேடு. ஆள் அங்கேதான் இருக்கிறான். ஆனால் சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றுவிட்டான்.

சார் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "மேடுதான். மலைன்னு எழுத முடியாதுப்பா" என்றார். 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதி, இன்னொரு வருஷத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். கிடைத்தால் கிடைக்கும். இதே வேலையில் அவர் நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தார். இப்போது ஏழாவதில் விரலை வைத்துக்கொண்டு பேசுகிறார்.

மொட்டையான வரிசைகளால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. பல காரணங்கள் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போடவில்லை.

பிப்ரவரி 22, சனி

வடிவு மாமாவோடு டாடா ஏஸ் வண்டியில் வந்தாள், மிச்சச் சாமான்களை எடுக்க. பீரோ, அரிசி டிரம், தையல் மெஷின். கட்டிலைக் காட்டி, "இதை உங்களுக்கு விட்டுட்டுப் போகவா?" என்றாள்.

"எடுத்துட்டுப் போ. நான் தரைல படுத்துக்குவேன். அங்க நான் வந்தா வேணும்ல."

"வாரா வாரமா?"

யோசித்தேன். இன்னொரு வருஷம் கிடைத்து விதைத்தால், பூக்கிற மாதத்தில் முடியாது. அதைச் சொன்னேன். பூக்கிற மாதம் தவிர வாரா வாரம்.

"சரி" என்றாள்.

மாமாவும் டிரைவரும் கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதாவது டிரைவர் பிரித்தார், மாமா சத்தம் போட்டார். வடிவு மேஜை மேல் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். கணக்கு டீச்சருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"இதுவா?" என்று ஏழாவதில் விரல் வைத்தாள்.

"அதுதான்."

"கோட்டைத் தாண்டலையே."

"தாண்டல."

"அன்னைக்கு நீங்க பால் காய்ச்ச வராம இருந்திருந்தா தாண்டியிருக்குமா?"

இல்லை, அது வேறு காரணம், மழை, மண், என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாண்டியிருக்கும்" என்றேன்.

அவள் படத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது அறிக்கைக்கு வேணும், வடிவு."

"வேற பிரிண்ட் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் முன் சீட்டில் ஏறினாள்.

ஆபீசுக்குப் போனேன். பிரிண்டரில் கலர் இங்க் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமைதான் வாங்க வேண்டும்.